ஃபுல் ஃபிரேம் இருக்கோ?

யாழ்ப்பாணத்தில் கமரா வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் இப்ப முதலில் கேட்கிறது "என்ன எடுத்திருக்கிறாய்?" எண்டு இல்லை. "ஃபுல் ஃபிரேம் இருக்கோ?" எண்டுதான். கலியாணவீடு, சாமத்தியவீடு, வெளிநாட்டில் இருந்து வந்து இஞ்ச கொண்டாடுகிற பிறந்தநாள், பாட்டு வீடியோ, குறும்படம், எதுவாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். இல்லை என்று சொன்னால், "சரி தம்பி, பிறகு சொல்லுறம்." அந்தப் பிறகு வருவதே இல்லை. கமரா தூக்குகிற பெட்டையளுக்கு இதற்கு முதல் இன்னொரு கேள்வியும் இருக்கு, "இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் நிப்பீங்களோ?" அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுவம், அது தனிக் கோபம்.

கலைப்பீடத்தில் எங்களோடு படிக்கிற சிலர் சனி, ஞாயிறுகளில் இந்த வேலைக்குப் போய்த்தான் அறை வாடகை கட்டுகிறார்கள். ஒருவன் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து கமரா வாங்கினான். இன்னொருவன் மாதக் கட்டுக்காசுக்கு எடுத்தான். இருவருடைய கையிலும் முதலே ஒவ்வொரு கமரா இருந்தது, நல்லாய் வேலை செய்கிற கமரா. படம் மோசம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சென்சர் சின்னன் என்றுதான் சொன்னார்கள்.

ஆகவே இது கமரா விமர்சனம் அல்ல, எங்கட குற்றச்சாட்டு. "ஃபுல் ஃபிரேம்" என்ற சொல் எங்கட ஊரில் ஒரு தரத்தின் பெயராக இல்லை, ஆளை வடிக்கிற அரிதட்டாக இருக்கு. அதோடு, கமராக் கம்பனிகள் போட்டோவையும் வீடியோவையும் ஒரே பெட்டிக்குள் அடைப்பதற்காகச் செய்த சமரசங்கள் எல்லாவற்றிற்குமான பில், கடைசியில் கமராவைக் கையில் வைத்திருக்கிற பெடியனிடம்தான் வருகிறது.

முதலில் பெயரைப் பார்ப்பம். "ஃபுல்" என்றால் முழுசு. அப்ப மற்றதெல்லாம் அரைகுறை என்று கேட்கிறவருக்குத் தானாகவே படும். ஆனால் எதனுடைய முழுசு? 36 மில்லிமீற்றர் அகலம், 24 மில்லிமீற்றர் உயரம். இந்த அளவு வானத்தில் இருந்து விழவில்லை. ஜேர்மனியில் லைட்ஸ் கம்பனியில் வேலை செய்த ஒஸ்கார் பார்னக், சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மில்லிமீற்றர் பிலிம் சுருளைப் படுக்கையாக ஓடவிட்டு, 18க்கு 24 ஆக இருந்த சினிமாச் சட்டத்தை இரண்டு மடங்காக்கிப் போட்டோ எடுத்தார். அந்தக் கமரா 1925இல் விற்பனைக்கு வந்தது. அதாவது எங்கட ஆக்கள் "சினிமா லுக்" வேண்டும் என்று தேடி ஓடுகிற அளவு, சினிமாவின் அளவே இல்லை. அது போட்டோவின் அளவு. சினிமாவின் அளவு அதில் ஏறக்குறையப் பாதி. நூறு வருசமாக உலகம் பார்த்த படங்களில் மிகப் பெரும்பாலானவை, இன்று "குரொப் சென்சர்" என்று இளக்காரமாகச் சொல்லப்படுகிற ஏபிஎஸ்-சி அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமான சட்டத்திலேயே எடுக்கப்பட்டன. டிஜிட்டல் வந்த பிறகும் இதே கதைதான். 2010இல் வந்து ஹொலிவுட்டைப் பிடித்த ஆரி அலெக்ஸா கமராவின் சென்சர் சூப்பர் 35 அளவு. "ஸ்கைஃபோல்" அதில் எடுக்கப்பட்டது. ஜேம்ஸ் பொண்டுக்குக் காணுமாக இருந்தது, சுன்னாகத்துக் கலியாணத்துக்குக் காணாதாம்.

இனி பெட்டிக்குள் இருக்கிற சண்டைக்கு வருவம். போட்டோவுக்கும் வீடியோவுக்கும் வேண்டியவை ஒன்றல்ல, பல இடங்களில் நேர் எதிரானவை. போட்டோ எடுக்கிறவர் அசைவை நிறுத்த வேண்டும்: தாலி கட்டுகிற கை, விழுகிற அறுகரிசி, மணமகளின் கண்ணிமை. அதற்கு ஷட்டர் 1/250 செக்கனுக்கு மேலே போகவேண்டும். வீடியோ எடுக்கிறவர் அசைவைக் கொஞ்சம் மங்கவிட வேண்டும், அப்பதான் கண்ணுக்கு ஓட்டம் இயல்பாகத் தெரியும். செக்கனுக்கு 25 சட்டம் என்றால் ஷட்டர் 1/50. இந்த இரண்டையும் ஒரே கணத்தில் ஒரே கமராவில் வைக்க ஏலாது. எந்தக் கம்பனியும் இதைத் தீர்க்கப் போவதில்லை, ஏனெண்டால் இது கமராவின் குறை இல்லை, வேலையின் தன்மை. "வீடியோவில இருந்து ஒரு போட்டோ வெட்டித் தாங்கோ" என்று கேட்கிறவர்கள் அறியவேண்டியது: 4கே வீடியோவின் ஒரு சட்டம் 3840க்கு 2160 புள்ளி, அதாவது 8.3 மெகாபிக்சல், அதுவும் 1/50 செக்கனில் மங்கிய கை.

மெகாபிக்சல் கதையும் இப்படித்தான். அல்பத்தில் 12க்கு 18 அங்குலப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் நிரப்ப 3600க்கு 5400 புள்ளி, ஏறக்குறைய 19.4 மெகாபிக்சல் வேண்டும். ஆகவே போட்டோவுக்கு 24, 33 மெகாபிக்சல் என்பது நியாயமான ஆசை. ஆனால் வீடியோவுக்குத் தேவை அந்த 8.3 தான். 33 மெகாபிக்சல் சென்சர் ஒன்றின் முழு அகலத்தையும் பயன்படுத்தி நல்ல 4கே தரவேண்டும் என்றால், கமரா ஒவ்வொரு சட்டத்துக்கும் ஏறக்குறைய இரண்டே முக்கால் கோடிப் புள்ளிகளை வாசித்துச் சுருக்க வேண்டும். செக்கனுக்கு 25 தடவை என்றால் சமாளிக்கும். 60 தடவை என்றால் வாசிக்கிற வேகம் காணாது, சூடு ஏறும். அதனால்தான் 2021இல் வந்த சொனி ஏ7 IV, 4கே 60இல் ஓரங்களை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும், சூப்பர் 35 அளவில், பதிவு செய்கிறது. விளங்குதோ? ஃபுல் ஃபிரேமுக்குக் காசு கட்டி, ஸ்லோ மோஷன் போட்டதும் கையில் இருக்கிறது குரொப் சென்சர். "மணமகள் நடந்து வாறதை ஸ்லோவில எடு" என்று கத்துகிற அண்ணைக்கு இது தெரியாது.

சொனி இதை 2014இலேயே ஒப்புக்கொண்டது. ஒரே உடம்பை மூன்றாகப் பிரித்தார்கள்: ஏ7 பொதுவுக்கு, 36 மெகாபிக்சல் ஏ7ஆர் போட்டோவுக்கு, வெறும் 12 மெகாபிக்சல் ஏ7எஸ் வீடியோவுக்கும் இருட்டுக்கும். புள்ளி குறைந்தால் வாசிப்பது வேகம், சூடு குறைவு. 2020இல் வந்த ஏ7எஸ் III கூட 12 மெகாபிக்சல்தான், அது 4கேயைச் செக்கனுக்கு 120 சட்டம் வரை எடுக்கும். ஆனால் அதே கமராவோடு போட்டோ வேலைக்குப் போய் "எத்தினை மெகாபிக்சல்?" என்று கேட்டவருக்குப் பன்னிரண்டு என்று சொல்லிப் பாருங்கோ. "என்ர போனிலயே அம்பது இருக்கு" என்பார்.

இந்தக் குழப்பத்தின் தொடக்கம் 2008, கனன் 5டி மார்க் II. முழு எச்டி வீடியோ எடுத்த முதல் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் அதுதான். அது போட்டோக் கமரா, வீடியோ அதில் ஏறிக்கொண்ட விருந்தாளி. 5616 புள்ளி அகலமான சென்சரில் இருந்து 1920 புள்ளி வீடியோ எடுக்க வரிகளைத் தாண்டித் தாண்டி வாசித்தது. அதனால் நெருக்கமான கட்டம், சரிகைக் கோடு இருந்த இடமெல்லாம் இல்லாத நிறங்கள் நெளிந்தன. கூறைச்சேலைக்கும் பட்டு வேட்டிக் கரைக்கும் அதைவிடக் கெட்ட எதிரி இருந்திருக்க முடியாது. வந்த நேரம் செக்கனுக்கு 30 சட்டம் மட்டும். 25 சட்டம் எடுக்கிற வசதி 2010இல் மென்பொருள் புதுப்பிப்பாகத்தான் வந்தது.

25 ஏன் முக்கியம்? எங்கட நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மண்டபத்து ரியூப் லைற் செக்கனுக்கு நூறு தடவை மினுங்குகிறது. ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு சட்டத்திலும் முழுத் துடிப்புகள் அடங்கும், வெளிச்சம் சீராக இருக்கும். 1/60 என்றால் ஒன்றரைச் சொச்சம் துடிப்பு, படத்தில் கறுப்புப் பட்டி ஓடும். அமெரிக்க யூரியூப்காரர் 24, 30, 60 என்று சொல்வதைக் கேட்டு, கமராவை என்ரிஎஸ்சியில் வைத்துக்கொண்டு இணுவில் மண்டபத்தில் எடுக்கிற எத்தனை பேரைக் கண்டிருக்கிறம். ஒரு மெனுவை பாலுக்கு மாற்றினால் பாதி வியாதி போயிடும். இலவசம். ஆனால் இலவசமானதை ஒருவரும் படிப்பிப்பதில்லை, விற்கிறதை மட்டும்தான் படிப்பிக்கினம். (மணவறையைச் சுற்றிக் கட்டுகிற மலிந்த எல்ஈடிப் பட்டிகள் வேறு கணக்கில் மினுங்கும். அதற்கு ஷட்டரை நுணுக்கமாகக் கூட்டிக் குறைத்துத் தேட வேண்டும்.)

அடுத்தது தாலி கட்டுகிற நேரம். நாலைந்து பிளாஷ் ஒரே கணத்தில் வெடிக்கும். சாதாரண சென்சர் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. பிளாஷ் ஆயிரத்தில் ஒரு செக்கன்கூட நிற்காது. ஆகவே வீடியோவில் சட்டத்தின் ஒரு பாதி வெள்ளை, மற்றப் பாதி இயல்பு. கெட்டிமேளம் முழங்க, வீடியோவில் மிக முக்கியமான மூன்று செக்கன் கிழிந்த கடதாசி மாதிரி வரும். சென்சர் பெரிதாகவும் புள்ளி அதிகமாகவும் இருந்தால் இந்த வரிவாசிப்பு மெதுவாவதுதான் வழக்கம். சின்ன சென்சர் பல நேரம் இதில் முந்தும். இதற்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்: எல்லாப் புள்ளியையும் ஒரே கணத்தில் பிடிக்கிற குளோபல் ஷட்டர். 2023இல் அறிவித்த சொனி ஏ9 III அதைக் கொண்டு வந்த முதல் ஃபுல் ஃபிரேம் கமரா. விலை ஒரு புறம் இருக்கட்டும். அந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு, அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250இல் தொடங்குகிறது, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையே பிடிக்கிற வீச்சிலும் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறது. வெள்ளை வேட்டியும் கறுத்தத் தோலும் ஒரே சட்டத்தில் வருகிற எங்களுக்கு அந்த வீச்சுத்தான் சீவன். ஒன்றை வாங்கினால் ஒன்று போகும். கம்பனிகளின் விளம்பரத்தில் மட்டும்தான் போகாது.

சூடு. கனன் ஆர்5 2020இல் வந்தபோது 8கே வீடியோ என்று உலகமே பேசியது. கனனே கொடுத்த கணக்கு: 8கே 20 நிமிடம், உயர்தர 4கே 30 நிமிடம், அதன் பிறகு சூடேறி நிற்கும். அந்தக் கணக்கு எடுக்கப்பட்டது 23 பாகை செல்சியசில். யாழ்ப்பாணத்தில் 23 பாகை எங்க இருக்கு? ஏசி போட்ட வங்கிக்குள்ள இருக்கு. சித்திரை, வைகாசி வெயிலில் வீதிவலம், பந்தலடி, மதியம் பன்னிரண்டு மணி முகூர்த்தம் இவற்றை நினைத்து டோக்கியோவில் யாரும் கமரா வரையவில்லை. பிறகு மென்பொருளால் திருத்தினார்கள். 2022இல் விசிறி வைத்து ஆர்5 சி என்று விட்டார்கள். விசிறி வந்தது, சென்சரை அசைத்துக் கைநடுக்கத்தைத் தாங்குகிற பொறி போய்விட்டது. சொனி எஃப்எக்ஸ்3இல் விசிறி இருக்கு, நடுக்கம் தாங்குகிறது, ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் இல்லை. நல்லூர்த் தேர் நாளில் வீதியில் நின்று, மத்தியான வெயிலில் பின்திரையைப் பார்த்துப் போட்டோ எடுத்துப் பாருங்கோ, உங்கட முகம்தான் தெரியும்.

இதைவிட எரிச்சலான ஒன்று உண்டு. பல வருசங்களாகப் போட்டோக் கமராக்கள் 29 நிமிடம் 59 செக்கனில் வீடியோவைத் தானாக நிறுத்தின. சூட்டால் இல்லை. அரை மணித்தியாலம் எடுத்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கப் பட்டியலில் அது வீடியோக் கமராவாகிவிடும், தீர்வை கூடும். அந்தத் தீர்வையை மிச்சம் பிடிக்கப் போட்ட பூட்டு உலகம் முழுக்கப் போனது. பிரசல்சில் எழுதின ஒரு வரிக்காக, இஞ்ச ஐயர் மந்திரம் சொல்லுகிற இடத்தில் கமரா நிண்டது. அதற்கு ஏச்சு வாங்கினது கமரா பிடிச்ச பெடியன்.

வெயிலை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, ஏனெண்டால் எங்கட ஊரில் வெளிச்சம் குறைவு இல்லை, கூடத்தான் பிரச்சினை. இப்ப எல்லாருக்கும் "லொக்" வேண்டும், நிறத்தைப் பிறகு மாற்றுகிற தட்டையான படம். பல சொனிக் கமராக்களில் அதற்கு ஐஎஸ்ஓ 800இல் தொடங்க வேண்டும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 800, எஃப்16 என்றால் சரியான ஷட்டர் சுமார் 1/800. வீடியோவுக்கு 1/50 வேண்டும்: நாலு ஸ்டொப் கூடுதல். பின்னணி மங்க எஃப்2.8க்குத் திறந்தால் இன்னும் ஐந்து. ஒன்பது ஸ்டொப், அதாவது வெளிச்சத்தை ஐந்நூறில் ஒரு பங்காகக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி லென்சின் முன்னால் வேண்டும். தொழில்முறை வீடியோக் கமராக்களில் அந்தக் கண்ணாடி உள்ளேயே இருக்கும், ஒரு பொத்தானில் வரும். சொனி எஃப்எக்ஸ்6இல் இருக்கு. கலியாணவீடுகளில் காணுகிற ஹைபிரிட் எதிலும் இல்லை. ஏன்? லென்ஸ் வளையத்துக்கும் சென்சருக்கும் இடையில் சொனியில் 18 மில்லிமீற்றர், நிக்கன் சீயில் 16. அந்த ஒடுக்கத்துக்குள் ஷட்டரும் அசைகிற சென்சரும் இருக்க, கண்ணாடிக்கு இடமில்லை. கமரா சின்னனாக, கையில் பிடிக்க வசதியாக இருக்க வேண்டும் என்று போட்டோக்காரருக்காக எடுத்த முடிவு, அதன் விலையை வீடியோக்காரர் கட்டுகிறார். நிறத்தைப் பற்றியும் ஒரு சொல்: 8 பிட் பதிவில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். அதைத் தட்டையாக எடுத்து, யாரோ விற்ற "சினிமற்றிக்" வடிகட்டியைப் போட்டு இழுத்தால் எங்கட தோல் சாம்பலாகவோ செம்மஞ்சளாகவோதான் வரும். பிறகு அதை மறைக்க வெள்ளையாக்குவது. மணமகளைத் தாயே அடையாளம் காணாத அல்பங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

"அப்ப ஃபுல் ஃபிரேமே வேண்டாம் எண்டுறியளோ?" இல்லை. இருட்டில் அது நல்லது, அதை மறைக்கத் தேவையில்லை. அதன் பரப்பு 864 சதுர மில்லிமீற்றர், ஏபிஎஸ்-சி சுமார் 367. 2.4 மடங்கு வெளிச்சம், ஒரு ஸ்டொப்பும் கொஞ்சமும். இரவுத் திருவிழாவில், ஒற்றைத் தீப்பந்தத்தில், அந்த ஒரு ஸ்டொப் பெறுமதியானது. ஆனால் ஒரு ஸ்டொப் என்றால் ஒரு ஸ்டொப்தான், வேறொரு உலகம் இல்லை. சின்ன சென்சரில் எஃப்1.8 லென்ஸ் போட்டால், பெரிய சென்சரில் எஃப்2.8 சூம் தருகிற வெளிச்சமும் பின்னணி மங்கலும் ஏறக்குறைய வந்துவிடும். பாரமும் அப்படித்தான். ஏ7 IV உடம்பு 658 கிராம், அதற்குப் பொருத்தமான 24-70 எஃப்2.8 புது லென்ஸ் 695 கிராம், அதன் கீழ் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கிம்பல். காலை நாலு மணிப் பொன்னுருக்கலில் இருந்து இரவு வரவேற்பு வரை இதைக் கையில் ஏந்துகிறவரின் தோளுக்கு ஒருவரும் விலை போடுவதில்லை.

காசுக்கு வருவம். ஏ7 IV அமெரிக்காவில் வந்த விலை 2500 டொலர், உடம்பு மட்டும். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது ஐந்து இலட்சம். 2022இல் டொலர் 360ஐத் தொட்டபோது அதே கமரா ஒன்பது இலட்சம். சென்சர் வளரவில்லை, எங்கட ரூபாய்தான் சுருங்கியது. கனடாவில் இருக்கிற மாமா ஒரு மாதச் சம்பளத்தை மிச்சம் பிடித்து வாங்குகிறதை, இஞ்ச இருக்கிறவர் வருசக்கணக்காகக் கட்ட வேண்டும். புலம்பெயர்ந்த உறவு இருக்கிறவனுக்குக் கமரா பெட்டியில் வரும், இல்லாதவனுக்கு அடகுக்கடைச் சிட்டை வரும். "ஃபுல் ஃபிரேம் இருக்கோ?" என்ற கேள்விக்குள் "வெளிநாட்டில ஆர் இருக்கினம்?" என்ற கேள்வி ஒளிஞ்சிருக்கு. அதுக்குத்தான் எங்களுக்கு எரியுது.

சேமிப்புச் செலவை யாரும் சொல்வதில்லை. 4கேயைச் செக்கனுக்கு 100 மெகாபிட் கணக்கில் எடுத்தால் மணித்தியாலத்துக்கு 45 கிகாபைட். ஏ7எஸ் III தருகிற மிக உயர்ந்த 600 மெகாபிட் கணக்கில் 270. ஆறு மணித்தியாலக் கலியாணத்துக்கு ஒன்றரை ரெராபைட்டுக்கு மேல். இதை யாருடைய டிஸ்கில், எத்தனை வருசம் வைத்திருப்பது? "வீடியோ துலைஞ்சு போச்சு, திரும்ப ஒருக்காத் தரேலுமோ" என்று இரண்டு வருசம் கழித்துப் போன் வரும். முதலாளி பெடியனைக் காட்டுவார்.

குறும்படக்காரரையும் விட மனமில்லை. 2015இல் இருந்து யாழ்ப்பாணத்தில் சர்வதேச சினிமா விழா நடக்கிறது. உலகப் படங்களை மண்டபத்தில் இருந்து பார்க்கிற வாய்ப்பு எங்கட தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. படம் முடிந்து வெளியே வந்து எங்கட ஆக்கள் கதைக்கிறது, "என்ன கமராவில எடுத்தவங்கள் மச்சான்?" 2012இல் பாலாஜி சக்திவேல் "வழக்கு எண் 18/9" படத்தைக் கனன் 7டியில் எடுத்தார், விஜய் மில்டன் ஒளிப்பதிவு. ஏபிஎஸ்-சி சென்சர், போட்டோக் கமரா. அது தமிழுக்கான தேசிய விருதை வாங்கியது. 2015இல் ஷோன் பேக்கர் "டாஞ்சரின்" படத்தை ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தார். ஃபுல் ஃபிரேம் பக்தர்கள் பதிலுக்கு 2023இல் வந்த "த கிரியேட்டர்" படத்தைக் காட்டுவார்கள், எஃப்எக்ஸ்3இல் எடுத்த ஹொலிவுட் படம். சரி, அந்தக் கமராவின் சென்சர் எத்தனை மெகாபிக்சல்? பன்னிரண்டு. அதன் பின்னால் நின்ற ஒளியமைப்பாளர்களும் கணினி வரைகலைக் கூடமும் எத்தனை பேர்? அதை ஏன் எண்ணுவதில்லை?

எங்கட குறும்படங்களில் படம் மோசமாக வந்து நாங்கள் எழும்பிப் போனது மிகக் குறைவு. சத்தம் விளங்காமல் எழும்பிப் போனது கனக்க. கமரா உடம்பில் இருக்கிற மைக்கில், கடற்கரைக் காற்றுக்குள் கதாநாயகன் முணுமுணுக்க, பின்னணி கடற்கரைக்கு முன்னூறு மைல் தள்ளி மங்கி நிற்கும். பாசையூர்க் கரையில் படம் எடுத்துவிட்டுப் பாசையூரையே தெரியாமல் மங்கவைக்கிற கலையை எங்களால் விளங்க முடியவில்லை. ஊரே தெரியாட்டில் ஏன் ஊரில எடுக்கிறியள்? ஒரு சுவருக்கு முன்னால் எடுத்திருக்கலாமே.

பெரிய முதலாளிமார் இதைப் படித்தால் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "வாடிக்கையாளர் கேட்கினம், நாங்கள் என்ன செய்ய?" வாடிக்கையாளர் ஃபுல் ஃபிரேம் என்று தானாகக் கேட்டதில்லை. உங்கட விளம்பர அட்டையில் அந்தச் சொல்லை அச்சடித்தது நீங்கள். உண்மைக் காரணம் வேறு. முன்பு ஒரு கலியாணத்துக்குப் போட்டோவுக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், லைற் பிடிக்க ஒரு பெடியன் என்று மூவர் போனார்கள். "ஹைபிரிட்" வந்த பிறகு ஒருவர் போகிறார். ஒரு கையில் போட்டோ, அடுத்த நிமிடம் டயலைத் திருப்பி வீடியோ, இடையில் போனை எடுத்து நிமிர்த்திப் பிடித்து ரீல்ஸ். கம்பனி கமராவுக்குள் அடைத்த சமரசத்தை நீங்கள் ஒரு ஆளுக்குள் அடைக்கிறீர்கள். கமராவுக்காவது சூடேறினால் நிற்கிற உரிமை இருக்கு.

ஆகவே வேலைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் நாங்கள் கேட்கச் சொல்லுறது இவ்வளவுதான். கமரா எங்களுடையது என்றால் அதன் வாடகை சம்பளத்துக்குள் கரையக்கூடாது, தனியாக எழுதப்பட வேண்டும். போட்டோவும் வீடியோவும் வேண்டும் என்றால் இரண்டு பேரைக் கூப்பிடுங்கோ. தாலி கட்டுகிற நேரம் ஒருவர் இரண்டும் எடுக்க ஏலாது என்பதை முதல் நாளே கலியாணவீட்டாருக்குச் சொல்லுங்கோ, பெடியன்ர தலையில போடாதேங்கோ. டிஸ்க் செலவு உங்களுடையது. ஃபுல் ஃபிரேம் கட்டாயம் என்றால், அதை நீங்கள் வாங்கி வையுங்கோ. தொழிற்சாலை நடத்துகிறவர் மெஷினை வேலையாளிடம் கொண்டுவரச் சொல்வதில்லை.

இதைப் படிக்கிற முதல் வருசத் தம்பி, தங்கச்சிமாருக்கு: கையில் இருக்கிற கமராவை விற்காதேங்கோ. அந்தக் காசில் ஒரு 35 அல்லது 50 எஃப்1.8 லென்ஸ், கொலரில் குத்துகிற ஒரு மைக், ஒரு எல்ஈடி லைற், ஆடாத ஒரு முக்காலி வாங்கலாம், பிறகும் மிச்சம் இருக்கும். நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாகக் கிளம்பும்போது கமராவின் தானியங்கி ஒலியளவை நிறுத்தி, கையால் குறைத்து வையுங்கோ, இல்லாட்டி முழு வீடியோவும் கரகரக்கும். மாரி மழைக்கு முதல் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவுக்குள் லென்சுகளை வையுங்கோ, பங்கஸ் பிடிச்ச ஃபுல் ஃபிரேம் லென்சைவிடப் பங்கஸ் பிடிக்காத பழைய லென்ஸ் நல்லது. கமராவை பாலில் வையுங்கோ. "இருக்கோ?" என்று யாராவது கேட்டால், ஏழு இலட்சத்துக்குக் கட்டுக்காசுப் படிவம் நிரப்ப முதல், அந்தக் கலியாணத்துக்கு எத்தனை பேர் வருகினம், நாள் கூலி எவ்வளவு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேளுங்கோ.